முக்கொம்பா, கல்லணையா? பிள்ளைகளோடு போக எது தோது

தூரம்: திருச்சியிலிருந்து முக்கொம்பு மேற்கே சுமார் 18 கி.மீ., கல்லணை கிழக்கே சுமார் 20. இரண்டுக்கும் சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறலாம்.

விளையாட்டு: முக்கொம்புதான். மர நிழலில் ஊஞ்சல், சறுக்குமரம், ஓடியாட இடம். கல்லணையிலும் பூங்கா உண்டு, ஆனால் அங்கே அணையே பெரிய வேடிக்கை. எங்கே போனாலும் இரும்புச் சறுக்கு மதியம் கொதிக்கும். உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். நாலு மணிக்கு மேல் போவது நல்லது.

பார்க்க: முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் மதகுகள் 2018 வெள்ளத்தில் உடைந்தன; பிறகு புதுக் கதவணை வந்தது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என நாலாகப் பிரிவதைப் பாலத்தில் நடந்தே காட்டலாம். யானைமேல் கரிகாலன் சிலையும் உண்டு.

ஆபத்து: இரண்டும் ஒன்றே. மதகைத் தாண்டியதும், மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் அடியில் சுழித்து இழுக்கும். கால் நனைக்கக்கூட இறக்காதீர்கள், தயவுசெய்து.

ஐந்து வயதுக்குள் என்றால் முக்கொம்பு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்லணை. அதுவும் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகு. வறண்ட கோடையில் அங்கே மணல்தான்.