ஞாயிறு மொத்தச் சமையலா, பாதி வேலையா, மெஸ் சாப்பாடா?

வாரச் சமையலைத் திட்டமிட ஆளாளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள், ஆனால் சொல்கிறவர்களில் பாதிப் பேர் ஷிஃப்ட் வேலை பார்க்கும் வீட்டை எட்டிக்கூடப் பார்த்ததில்லை போலிருக்கிறது. கிருஷ்ணகிரியில் வீடு, ஒருவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை, இன்னொருவருக்கு உள்ளூரிலேயே பள்ளியோ வங்கியோ, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். இப்படி ஒரு வீட்டுக்கு எது ஒத்துவரும் என்றுதான் பார்க்கிறேன். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் திடீரென்று செகண்ட் ஷிஃப்ட் ஆனாலும், கம்பெனி பஸ் சூளகிரியில் மாட்டிக்கொண்டாலும் குலையாமல் நிற்கிற திட்டம் எதுவோ அதுதான் எனக்கு நல்ல திட்டம்.

முதலில் எத்தனை வேளைக்கு நாம் சமைக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள், பலர் இதைச் செய்வதே இல்லை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்தே உள்ள ஏற்பாடு, ஆகவே பெரிய கம்பெனிக்குப் போகிறவருக்கு ஒரு வேளை கழிந்தது. பிள்ளை அரசு தொடக்கப்பள்ளியில் படித்தால் காலையும் மதியமும் அங்கேயே ஆகிவிடும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. தனியார் பள்ளி என்றால் மட்டும் டிபன் பாக்ஸ் கவலை முழுசாக நம் தலையில்.

சரி, ஞாயிற்றுக்கிழமையே வாரத்துக்கும் சேர்த்துச் சமைத்துவிடும் வழி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, வீடியோவில் வரிசையாக டப்பாக்களைப் பார்த்தால் ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் சமைத்த உணவு ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள்தான் தாங்கும், அதாவது ஞாயிறு வைத்த சாம்பார் புதன் வரைக்கும்தான். வியாழன், வெள்ளிக்கு வேண்டுமென்றால் ஃபிரீசரில் உறைய வைக்க வேண்டும், நம்மில் பலர் வீட்டில் இருப்பது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், அதன் ஃபிரீசரில் ஐஸ் டிரேயும் ஒரு பால் பாக்கெட்டும் வைத்தாலே இடம் முடிந்தது. உறைய வைத்த உருளைக்கிழங்கு திரும்பச் சூடாக்கினால் நறநறவென்று ஆகிவிடும், தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு சீக்கிரம் கெடும். போதாததற்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட்டை நிறுத்தினால் மதியம் தாண்டித்தான் வரும். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சி காக்கும், அதற்கு மேல் சந்தேகம்தான்.

சோற்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வடித்த சோற்றை அடுப்பு மேடையிலேயே மணிக்கணக்கில் விட்டுவிட்டு, பிறகு ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் நன்றாகச் சூடாக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் கொதியிலும் சாகாமல் சோற்றில் தங்கும், சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு திரும்பச் சூடாக்குவதால் போகாது. ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் அன்றன்றைக்கு வடிப்பதே மேல். குக்கரில் சோறு வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

மெஸ், கேரியர் சாப்பாட்டைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. இருவரும் வெளியே இருக்கும் நாளுக்கும் உடம்பு சரியில்லாத நாளுக்கும் அது கை கொடுக்கும். தினமும் என்றால் செலவை விடுங்கள், எண்ணெயும் காரமும் நம் கையில் இல்லை, சின்னப் பிள்ளை அந்தக் குழம்பைத் தொடாது, கடைசியில் அதற்கென்று தனியாக ஒரு தோசை சுட வேண்டியிருக்கும். சமையலுக்கு ஆள் வைப்பதும் இதே கதைதான். ஆள் வராத அன்று திட்டமே இல்லை. நல்ல ஆள் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

எனக்குப் பிடித்தது பாதி வேலை. ஞாயிறன்று எதையும் சமைத்து முடிப்பதில்லை, சமையலில் கையைப் பிடித்து இழுக்கிற வேலைகளை மட்டும் முடித்துவைப்பது. சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்துவைக்கலாம், உழவர் சந்தைக் கீரையை ஆய்ந்து ஈரம் போக உலர்த்தித் துணியில் சுற்றி வைத்தால் இரண்டு நாள் நிற்கும். புளிக்காய்ச்சல் காய்ச்சினால் புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து காப்பதால் வாரம் தாண்டியும் கெடாது. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி விலை விழுந்து கிடக்கும் நாளில் கூடையாக வாங்கித் தொக்கு செய்துவிட்டால் காலை தோசைக்கு, மதியம் பாக்ஸில் சாதத்துக்கு, இரவு சப்பாத்திக்கு என்று ஒரே பாட்டில் ஓடும். மாங்காய் சீசனில் தக்காளிக்குப் பதில் மாங்காய், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவரை சீசன் வந்தால் இந்த முறைக்குத்தான் முழு மதிப்பு. வேலை நாளில் பிதுக்கம்பருப்புக் குழம்பு என்பது நடக்கிற காரியமா, ஊறவைத்து ஒவ்வொன்றாகத் தோல் நீக்க வேண்டுமே? ஞாயிறு மாலை பிள்ளைகளையும் வீட்டுக்காரரையும் உட்காரவைத்து எல்லாரும் பிதுக்கினால் ஒரு சினிமா முடிவதற்குள் முடிந்துவிடும், அதைச் சின்னச் சின்னப் பையில் போட்டு ஃபிரீசரில் வைத்தால் இடமும் அதிகம் அடைக்காது. கொள்ளு, மொச்சை, காராமணியெல்லாம் முந்தின இரவு ஊறப்போட்டால் போதும். ஷிஃப்ட் மாறிவிட்டதா, ஊறியதை வடித்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் செய்யலாம், எதுவும் வீணாகாது. சமைத்து வைத்த குழம்பில் இந்த வசதி கிடையாது.

மாவு அரைப்பதிலும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஓசூர் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது, மார்கழியில் ஞாயிறு இரவு அரைத்த மாவு திங்கள் காலையில் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும், அதனால் அங்கே சனிக்கிழமையே அரைக்க வேண்டும். தருமபுரியில் சித்திரை மாதம் இதற்கு நேரெதிர், பொங்கி வழிவதற்குள் ஃபிரிட்ஜுக்குள் தள்ள வேண்டும்.

இரவுக்கு என் ஓட்டு களிக்கு. தினமும் இல்லை, வாரத்தில் இரண்டு நாள். கொஞ்சம் நொய் வேகவைத்து, கேழ்வரகு மாவு போட்டுக் கிண்ட அரை மணி நேரம் போதும், ஆய்ந்து வைத்த கீரை கடைசலாகிவிடும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம்கூடத் தேறாது. தருமபுரி மாவட்டத்தில் 2023-இல் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். மிஞ்சின களியைத் தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு பஸ் பிடிக்கலாம். பிள்ளைகள் களியை வேண்டாம் என்றால் அதே மாவில் வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்டு அடை தட்டுங்கள், அதை வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு மட்டும் என் தீர்ப்பு வேறு. தூக்கமே இல்லாத அந்த ஒரு வருஷம் மெஸ்ஸோ, அம்மா வீட்டுக் கேரியரோ, எது வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம் உரிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.