பெயினேட் ஷீட் ரிவ்யூ: டிமென்ஷியா இருக்கறவங்களோட வலிய வீட்லயே கவனிக்க

பெயினேட் (PAINAD)னா, வலிய வாயால சொல்ல முடியாதவங்கள பாத்து வலிக்குதான்னு மார்க் போடற ஷீட். காசு குடுத்து வாங்கற பொருள் இல்ல இது, ஒரே ஒரு பக்கம், நெட்ல ஃப்ரீயாவே கிடைக்குது. இருந்தாலும் எங்க மாமியாருக்காக வாங்கின வாக்கர், ஏர் பெட், முட்டி பெல்ட் எல்லாத்தையும் விட இதுதான் எங்களுக்கு அதிகமா உதவிச்சு.

அவங்களுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், கூடவே ரெண்டு முட்டியும் தேய்மானம். "அத்தை, வலிக்குதா?"ன்னு கேட்டா "இல்லியே"ம்பாங்க, குளிக்க எழுப்பினா கைய தட்டிவிட்டு கத்துவாங்க. பாக்கறவங்க எல்லாரும் வியாதி முத்திடுச்சுன்னாங்க, ஒரு டாக்டர் நாங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள தூக்க மாத்திரை எழுதிட்டார், முட்டிய தொட்டுக்கூட பாக்கல. அன்னிக்கு எனக்கு வந்த கோவம் இன்னும் போகல.

ஷீட் விஷயத்துக்கு வரேன். 2003ல அமெரிக்காவுல வார்டன், ஹர்லி, வொலிசர்னு மூணு பேர் வெளியிட்டது. அஞ்சு நிமிஷம் ஆள உத்து பாக்கணும், மூச்சு, முனகல், முகம், உடம்பு, சமாதானம் பண்ணா அடங்கறாங்களான்னு மொத்தம் அஞ்சு விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 0, 1, இல்லன்னா 2. மொத்தம் 10க்கு. முகம் லேசா சுருங்கினா 1, வலில கோணினா 2. உடம்பு இறுக்கமா, நிலைகொள்ளாம இருந்தா 1, கைய இறுக்கி மூடிக்கிட்டாலோ முட்டிய மடக்கி இழுத்துக்கிட்டாலோ அடிக்க வந்தாலோ 2. அடிக்க வரதும் வலியோட அடையாளமா இருக்கலாம்னு அச்சடிச்ச பேப்பர்ல பாத்தப்ப வீட்ல எல்லாருமே கொஞ்ச நேரம் பேசல.

முக்கியமா ஒண்ணு, சும்மா உக்காந்திருக்கும்போது மட்டும் பாத்து மார்க் போட்டு நிறுத்திடாதீங்க. எங்க வீட்ல சேர்ல இருக்கும்போது 0, பாத்ரூமுக்கு எழுப்பும்போது 6. தேய்மான வலி அசையும்போதுதானே தெரியும். தேதி, நேரம், அப்ப என்ன பண்ணிட்டிருந்தாங்க, எவ்ளோ மார்க், இத நோட்ல எழுதி வேற டாக்டர்கிட்ட காட்டினோம், அவர் முட்டிய மடக்கி நீட்டி பாத்துட்டு குளிக்கறதுக்கு முன்னாடி பாராசிட்டமால், வீட்டுக்கு வர பிசியோன்னு ஆரம்பிச்சார். கத்தறது சுத்தமா நிக்கல ஆனா நல்லாவே குறைஞ்சிருக்கு. இது எங்க வீட்டு கதை மட்டும் இல்ல, 2011ல நார்வேல 18 முதியோர் இல்லத்துல 352 பேர வெச்சு பண்ண ஆய்வுல வலிக்கு படிப்படியா 8 வாரம் மருந்து குடுத்து பாத்ததுல படபடப்பும் ஆர்ப்பாட்டமும் 17 சதவீதம் குறைஞ்சிருக்கு, அதுல பெரும்பாலானவங்களுக்கு குடுத்தது வெறும் பாராசிட்டமால்தான். ஆனா லிவர், கிட்னி, மத்த மாத்திரை எல்லாம் இருக்கு, டோஸ் டாக்டர் சொன்னா மட்டும்தான்.

குறையும் இருக்கு. எங்க வலிக்குதுன்னு ஷீட் சொல்லாது, பல்லா, மலச்சிக்கலா, யூரின் போக முடியாம வயிறு வலிக்குதா, படுக்கை புண்ணான்னு நீங்கதான் தேடணும். பயம், பசி, புது ஆள் வீட்டுக்கு வந்தாலே கூட மார்க் ஏறும், அதனால நம்பர் ஏறினா வலிதான்னு முடிவு பண்ணிடக்கூடாது. முகத்துல எந்த உணர்ச்சியும் இல்லன்னா அதுக்கு 0ன்னு போட்டிருக்கு, பார்க்கின்சன் மாதிரி முகம் இறுகிப்போனவங்க விஷயத்துல இது ஏமாத்தும்.

இங்கிலீஷ் ஷீட்ட நாங்களே தமிழ்ல பெரிய எழுத்துல எழுதி பாத்ரூம் கதவு பக்கத்துல ஒட்டிட்டோம், பாத்துக்க வர அக்கா இப்ப என்னை விட சரியா மார்க் போடறாங்க. 5க்கு 4 குடுப்பேன்.

ஆரம்ப நிலைல இருக்கறவங்களுக்கு இத எடுக்காதீங்க, அவங்களால சொல்ல முடியும். மொட்டையா "வலிக்குதா"ன்னு கேக்காம முட்டி, இடுப்பு, தாடைன்னு ஒவ்வொரு இடமா தொட்டு "இங்க வலிக்குதா"ன்னு கேட்டுட்டு, பதில் வர வரைக்கும் காத்திருங்க.