புது வீட்டு நிலமட்டச் சான்றிதழ்: முத்திரையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஒன்ராறியோவில் பில்டரிடம் புது வீடு எடுத்து இன்னும் ஒரு வருடம் முடியாதவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். ஒரு வருடம் தாண்டியவர்களுக்கும் உதவலாம், ஆனால் உங்கள் பிடி சற்றுத் தளர்ந்துவிட்டது. பில்டரின் பெயரையும் நகரசபையின் பெயரையும் போடவில்லை. விஷயம் இன்னும் முழுதாக முடியவில்லை, லோயரும் வேண்டாம் என்கிறார். டர்ஹம் பகுதி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சாவி வாங்கியது ஒக்ரோபரில். முற்றம் முழுக்க வெறும் களிமண். இங்கே அது வழமைதான், யாரும் கவலைப்படுவதில்லை. அடுத்த கோடையில் மண்ணை நிரவிப் புல் விரித்தார்கள். ஓகஸ்ட்டில் ஒரு கடிதம் வந்தது: உங்கள் காணியின் நிலமட்டமும் வடிகாலும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்துக்குப் பொதுவாக இசைவாக இருக்கின்றன, இனி நீங்கள் மட்டத்தை மாற்றினால் பொறுப்பு உங்களுடையது. கீழே பொறியியலாளரின் முத்திரை. நிலமட்டச் சான்றிதழ் என்பது இதுதான்.

செப்ரெம்பரில் ஒரு மழை. 2024 ஜூலை 16ஆம் தேதி பியர்சன் விமான நிலையத்தில் ஏறக்குறைய 98 மில்லிமீற்றர் கொட்டியதே, அப்படிப்பட்ட மழை இல்லை, ஒரு இரவு பெய்த சாதாரண மழை. காலையில் பேஸ்மென்ற் ஜன்னல் குழி நிரம்பிக் கண்ணாடியின் பாதிவரை தண்ணீர் நின்றது. உள்ளே சுவரோரம் கார்பெற் கால் வைத்தால் சளக் என்றது.

எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். பின்முற்றத்துத் தண்ணீரும் கூரையிலிருந்து பீலிக்குழாயால் இறங்கும் தண்ணீரும் இரண்டு வீடுகளுக்கும் இடையில் உள்ள ஆழமில்லாத புல்வாய்க்காலால் தெருவுக்கு ஓட வேண்டும். சுவேல் என்பார்கள். சுவரிலிருந்து வாய்க்காலுக்கு ஒரு சாய்வு, வாய்க்காலிலிருந்து தெருவுக்கு இன்னொரு சாய்வு. வாய்க்காலுக்குப் பொதுவாக 2 சதவீதம், அதாவது மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர். கண்ணுக்குத் தெரியாத அளவு. அதனால்தான் புல் பச்சையாக விரிந்து கிடக்கும்போது எல்லாம் சரியென்றே தோன்றும்.

நகரசபையின் பொறியியல் பிரிவில் எங்கள் காணியின் சான்றிதழ்ப் பிரதியைக் கேட்டு எடுத்தேன். (நீங்களும் கேளுங்கள். இழுத்தடித்தால் நகரசபைகளுக்கான தகவல் அறியும் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்.) கடிதத்துக்குப் பின்னால் ஒரு தாள் இருந்தது. ஒரு நிரலில் திட்டமிட்ட மட்டம் (மீற்றர் கணக்கில் உயரம்), பக்கத்து நிரலில் வேலை முடிந்தபின் அளந்த மட்டம். மொத்தம் 14 புள்ளிகள். 97.45 என்று திட்டமிட்ட இடத்தில் அளந்ததும் 97.45. 97.30க்கு 97.30. 97.08க்கு 97.08. 14 புள்ளியிலும் ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசம் கிடையாது. களிமண்ணை பொப்காற் இயந்திரத்தால் தள்ளி நிரவி, மேலே புல் விரித்த நிலம் இது. கொங்கிறீற் தளம்கூட அப்படி வராது. பரீட்சை எழுதுவதற்கு முன்பே விடைத்தாளில் நூறு புள்ளி போட்ட கதை.

அதன்பிறகு நாங்களே ஒரு நில அளவையாளரைப் பிடித்தோம். ஒன்ராறியோவில் உரிமம் உள்ளவர். 900 டொலர் சொச்சம் போனது. இந்த விவகாரத்தில் நாங்கள் செலவழித்ததில் உருப்படியானது அதுதான். வாய்க்காலின் நடுப்புள்ளி தாளில் 97.30, உண்மையில் 97.14. தெருப்பக்கத்து முனை தாளில் 97.08, உண்மையில் 97.19. அதாவது தண்ணீர் தெருவுக்குப் போக 5 சென்ரிமீற்றர் மேடேற வேண்டும். ஜன்னல் குழிக்குப் பக்கத்தில், சுவரோரம், 97.45 இருக்க வேண்டிய இடம் 97.11. வாய்க்காலைவிடச் சுவரடி தாழ்வு. போதாக்குறைக்குப் பக்கக் கதவுக்கான கொங்கிறீற் படியை வாய்க்காலுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

இனி பில்டரின் வாடிக்கையாளர் சேவை. முதல் பதில்: “மண் இறங்கும்தானே, அது உத்தரவாதத்தில் இல்லை.” இதில் ஒரு பாதி உண்மை உண்டு. பேஸ்மென்றுக்காக அகலமாகத் தோண்டிப் பிறகு நிரப்பும் மண் இரண்டு மூன்று பனிக்காலம் இறங்கத்தான் செய்யும். வீட்டைச் சுற்றிய நிலம் அமிழ்வதை ஒன்ராறியோவின் புதுவீட்டு உத்தரவாதச் சட்டம் விலக்கியும் வைத்திருக்கிறது. ஆனால் சான்றிதழ் கொடுத்தது ஓகஸ்ட்டில், தண்ணீர் நின்றது செப்ரெம்பரில். சில வாரத்தில் நிலம் 34 சென்ரிமீற்றர் இறங்கியதா, இல்லை சான்றிதழ் பொய்யா, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று எழுதினேன். அந்த மின்னஞ்சலுக்கு இன்றுவரை பதில் இல்லை.

அடுத்த கதை, பக்கத்து வீட்டு அக்கா பின்னால் போட்ட இன்ரர்லொக் கல்தான் காரணம் என்பது. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம். ஏனென்றால் ஒருநாள் வேலியடியில் அவர் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, குறை நினையாதேங்கோ, உங்கட பீலித் தண்ணிதான் என்ர பக்கம் வருதெண்டு கொம்பனிக்காரர் சொல்லுகினம்” என்றார். அவரிடம் எங்களைச் சொல்லியிருக்கிறார்கள், எங்களிடம் அவரை. “அக்கா, உங்கட சான்றிதழையும் ஒருக்கா எடுத்துப் பாருங்கோ” என்றேன். அவருடைய தாளிலும் இரண்டு நிரலும் அச்சொட்டாக ஒன்றுதான்.

நகரசபையோ, பொறியியலாளரின் முத்திரையை நம்பித்தான் நாங்கள் ஏற்கிறோம், எல்லாக் காணியையும் அளப்பதில்லை, தனியார் காணிக்குள் தண்ணீர் போவது சிவில் விஷயம் என்றது. பொறியியல் நிறுவனத்துக்கு எழுதினால், எங்கள் வாடிக்கையாளர் பில்டர், அவரிடம் பேசுங்கள் என்று ஒரு வரி.

யோசித்துப் பார்த்தால் அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. குடியிருப்புத் திட்டம் தொடங்கும்போது பில்டர் நகரசபைக்கு வங்கிப் பிணை கட்டியிருப்பார். காணி காணியாகச் சான்றிதழ் போகப் போகத்தான் அந்தப் பிணை குறையும். பொறியியலாளருக்குக் கூலி கொடுப்பதும் பில்டர். உங்கள் பேஸ்மென்ற் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க எழுதிய தாள் இல்லை அது. பில்டரின் பணம் வெளியே வர எழுதிய தாள். ஒழுங்காக அளக்கும் பொறியியலாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. எங்களுக்கு வாய்த்தவர் அப்படி.

சரி, எது வேலை செய்தது? ராரியன் படிவம். ஒன்ராறியோவில் புதுவீட்டு உத்தரவாதத்தை நடத்தும் அமைப்புத்தான் ராரியன். முதல் வருடத்தின் கடைசி 30 நாளில் வருடமுடிவுப் படிவம் போட வேண்டும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் முதல் வருடத்து உத்தரவாதத்தைக் கேட்பது பெரும்பாடு. அதில் “மண் இறங்கியது” என்று எழுதவே எழுதாதீர்கள், விலக்குக்குள் நீங்களே போய் விழுவீர்கள். ஒன்ராறியோ பில்டிங் கோட்டில் 9.14.6.1 என்று ஒரு பிரிவு இருக்கிறது: கட்டடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்காதபடியும் அயல் காணிகளைப் பாதிக்காதபடியும் நிலம் மட்டப்படுத்தியிருக்க வேண்டும். கோட் மீறல் முதல் வருட உத்தரவாதத்துக்குள் வரும். பேஸ்மென்ற் சுவரால் தண்ணீர் வருவது இரண்டு வருட உத்தரவாதம். இரண்டையும் தனித்தனி விடயமாகப் போட்டோம். அளவையாளரின் தாள், மழைநேரப் படங்கள், பில்டரின் மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் இணைத்தோம்.

திருத்துவதற்குப் பில்டருக்கு 120 நாள் உண்டு. அது பனிக்காலத்துக்குள் விழுந்தது, நிலம் கல்லாக உறைந்திருக்கிறது என்று சும்மா இருந்தார்கள். ராரியனின் ஆள் நேரில் வந்து பார்த்துத் தீர்மானிக்கும் சமரசப் பரிசோதனைக்கு நாங்கள் விண்ணப்பித்தோம். அப்புறம் பாருங்கள், நிலம் இளகியதும் இளகாததுமாக பொப்காற் வந்து நிற்கிறது. புல்லை உரித்து, வாய்க்காலைத் திரும்ப வெட்டி, படியைக் கழற்றிச் சின்னதாக வைத்து, சுவரடிக்கு மண் போட்டு உயர்த்தினார்கள். இந்தக் கோடை மழைகளுக்குக் குழியில் தண்ணீர் நிற்கவில்லை. அக்கா பக்கமும் காய்ந்துவிட்டது.

கார்பெற்றுக்கும் நாங்கள் பிறகு போட்ட உட்சுவருக்கும் ஒரு சதமும் கிடைக்கவில்லை. காப்புறுதிக்காரரும் சுவரால் மெல்ல ஊறிய தண்ணீருக்குக் கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். மேற்பரப்பு வெள்ளத்துக்குத் தனியாகச் சேர்க்கும் காப்பு வேறு, இந்த ஊறல் வேறு. உங்கள் பொலிசியில் எது இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

திருத்திய பிறகு அதே பொறியியலாளரிடமிருந்து புதுச் சான்றிதழ் வந்தது. இந்த முறை 97.30க்கு 97.28, 97.45க்கு 97.47 என்று அங்கங்கே வித்தியாசம். உண்மையில் அளந்தால் இப்படித்தான் இருக்கும். பழைய தாளையும் புதுத் தாளையும் சேர்த்து ஒன்ராறியோ தொழில்முறைப் பொறியியலாளர் அமைப்பான பி.இ.ஓ.வுக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறோம். அவர்கள் நட்டஈடு வாங்கித் தர மாட்டார்கள், உரிமம் சம்பந்தமான ஒழுங்கு நடவடிக்கை மட்டும்தான். இன்னும் விசாரணையில் இருக்கிறது.

தண்ணீர் தேங்குவதைப் பார்த்துவிட்டு நீங்களே இரண்டு மூட்டை மண் கொட்டிவிடாதீர்கள். மட்டத்தை நீங்கள் மாற்றியதாகச் சொல்லப் பில்டருக்கு அது போதும். அளந்து எழுத்தில் போடும்வரை பக்கவழியில் கல் பதிப்பதும் வேண்டாம். வாங்கும்போது ஒப்பந்தத்தில் நிலமட்ட வைப்புப் பணம் என்று ஏதாவது பிடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். எங்களிடம் 2,000 டொலர் பிடித்தார்கள். நகரசபை இந்தக் குடியிருப்பை முழுதாகப் பொறுப்பேற்கும்வரை தர மாட்டார்களாம்.