லிட்டருக்கா, கிலோமீட்டருக்கா? என் ஓட்டு ஓடோமீட்டருக்கு

பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு மின்சார காருக்கு மாறியதும் ஒரு வரி சத்தமில்லாமல் நின்றுபோனது. பங்க்கில் ஒவ்வொரு லிட்டரோடும் சாலைக்காக அழுத காசுதான் அது. ஓட்டுவதோ அதே சாலையில். பேட்டரியால் வண்டிக்குக் கனம்கூடக் கூடியிருக்கிறது. இப்போதைய ஏற்பாட்டில் லாபம் எனக்குத்தான். இருந்தும், எரிபொருளுக்குப் பதிலாக ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கட்டும் கிலோமீட்டர் வரியின் பக்கம்தான் நான்.

எரிபொருள் வரியை வசூலிப்பது சுலபம். சில மொத்த விற்பனையாளர்களிடம் வாங்கினால் போதும், கட்டுகிறவருக்கும் வலி தெரியாது. ஆனால் மைலேஜ் கூடக் கூட வருமானம் தேய்கிறது. உயர்த்தவும் யாருக்கும் துணிச்சல் வருவதில்லை: அமெரிக்க மத்திய அரசின் பெட்ரோல் வரி 1993 முதல் கேலனுக்கு 18.4 சென்ட்தான். மின்சார வண்டிக்கு ஆண்டுக்கு ஒரே தொகை என்று மூன்றாவது யோசனையும் உண்டு. எப்போதாவது வண்டியை எடுப்பவரும் நாள் முழுக்க ஓடும் டாக்ஸியும் ஒன்றா? அதை விடுங்கள்.

கிலோமீட்டர் வரி என்றதும் கிளம்பும் பயம், 'நான் போகிற இடமெல்லாம் அரசுக்குத் தெரிந்துவிடுமே' என்பது. என் முடிவும் இதில்தான் தொங்கியது. எவ்வளவு தூரம் ஓடியது என்பது வேறு, எங்கே ஓடியது என்பது வேறு. முதல் கேள்விக்கு ஓடோமீட்டரே பதில் சொல்லிவிடும். நியூசிலாந்தில் டீசல் வண்டிகளுக்கு 1970களின் இறுதியிலிருந்தே இந்த முறைதான். ஓடப்போகும் தூரத்தை 1000 கிலோமீட்டர் கணக்கில் முன்கூட்டியே காசு கட்டி வாங்க வேண்டும். ஓடோமீட்டரில் எந்த எண் வரை பணம் கட்டியாயிற்று என்று காட்டும் சீட்டு முன்கண்ணாடியில் இருக்கும். தகுதிச் சோதனைக்கு வண்டி போகும்போது மீட்டரைக் குறித்துக்கொள்வார்கள். மின்சார கார்கள் 2024 ஏப்ரல் 1 முதல் இதில் சேர்ந்தன, 1000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர். ஜிபிஎஸ் கட்டாயமில்லை.

1919இலேயே பெட்ரோலுக்கு வரி போட்ட அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், 2015இல் விருப்பமுள்ளவர்களுக்கு மைல் கணக்கைத் திறந்துவிட்டது. ஜிபிஎஸ் உள்ள கருவியா, இல்லாததா என்று ஓட்டுகிறவரே தேர்ந்துகொள்ளலாம். ஜிபிஎஸ் இருந்தால் வெளிமாநிலத்தில் ஓடிய மைல்கள் கழியும். நானாக இருந்தால் அந்தக் கழிவே வேண்டாம் என்பேன்.

கனத்துக்கு ஏற்ப விகிதத்தை மாற்றவும் இதில் வழி இருக்கிறது. அச்சின் மீதான பாரம் இரட்டித்தால் சாலைத் தேய்மானம் ஏறக்குறைய 16 மடங்கு என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. டீசல் செலவு அப்படி ஏறுவதில்லை.

மொத்தமாகக் கட்டும்போது கை கடிக்கும், அது நிஜம். ஐஸ்லாந்துபோல மாதத் தவணையாக்கினால் சமாளிக்கலாம். சரக்கு லாரிக்காரர்களுக்கு இது எவ்வளவு சுமை என்பதில் மட்டும் என் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; நான் ஓட்டியது கார் மட்டுமே.