வருடக்கணக்கில் நின்ற மோட்டார்ஹோம்: எந்த வழியில் எழுப்புவது?

பல வருடம் ஓடாமல் நின்ற மோட்டார்ஹோமை, அதாவது உள்ளேயே தங்கி வாழும் வசதியுள்ள வண்டியை, எழுப்ப ஆலோசனை கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "பேட்டரியை மாற்று, புது பெட்ரோல் கொஞ்சம் ஊற்று, செல்ஃப் அடித்துப் பார். பிடித்தால் சரி, பிடிக்காவிட்டால் அப்புறம் யோசிக்கலாம்" என்பது ஒன்று. "சாவியையே தொடாதே. டேங்க் முதல் கார்புரேட்டர் வரை கழற்றிச் சுத்தம் செய்த பிறகுதான் செல்ஃப்" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி நியாயம் இருக்கிறது. எந்த இடத்தில் எந்தப் பாதியை எடுத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான். நின்ற வண்டியின் அழுக்கில் பெரும்பங்கு டேங்கின் அடியில் படிந்திருக்கிறது. நுணுக்கமான ஓட்டைகளும் வால்வுகளும் என்ஜின் பக்கம் இருக்கின்றன. ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் அந்த அழுக்கு கொஞ்சம் கொஞ்சமாக என்ஜினை நோக்கி நகர்கிறது. எந்த வழி அதை நகர்த்தாமல் வேலையை முடிக்கிறதோ அதற்கே என் ஓட்டு.

முதல் செல்ஃபுக்கு முன்

இந்த ஒரு இடத்தில் மட்டும் அவசரக் கட்சிக்கு என்னால் கொஞ்சமும் இடம் கொடுக்க முடியவில்லை. ஈரம் இறங்கிய சிலிண்டரில் பிஸ்டன் ரிங் சுவரோடு ஒட்டிப் பிடித்திருக்கலாம். அந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் பலத்தில் திருகினால் ரிங் உடையும், சுவர் கீறும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். பிறகு என்ஜினின் முன்பக்கம் பெல்ட்டைச் சுற்றும் கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீளமான ஸ்பானர் போட்டு, என்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையில் கையால் திருப்புங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் நிம்மதி. வராவிட்டால் பலவந்தம் செய்யாமல், இன்னும் ஆயில் விட்டு இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.

அதே கையோடு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். எலிக் கூடு இருந்தால் பக்கத்தில் ஒயர்களும் கடிபட்டிருக்கும். ஆயிலைப் பொறுத்தவரை ஓட்டுவதற்கு முன்பே மாற்றுவதா, ஓடிய பிறகா என்ற வாதத்துக்கு என் பதில், இரண்டு தடவையும். முதல் தடவை பழையதை வெளியேற்ற, இரண்டாவது தடவை அது விட்டுப்போன கசடை வெளியேற்ற.

பேட்டரியில் ஒரு குறிப்பு மட்டும். மோட்டார்ஹோமில் வண்டிக்கு ஒன்று, வீட்டுப் பகுதிக்கு ஒன்று என்று இரண்டு பேட்டரி ஏற்பாடு இருக்கும். நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், செல்ஃப் அடிக்கும்போதும் 9.6-க்குக் கீழே போகக்கூடாது. சில வண்டிகளில் டாஷ்போர்டில் இரண்டையும் சேர்த்துவிடும் சுவிட்ச் உண்டு. ஒரு பேட்டரி வீக் என்றால் அது கைகொடுக்கும், இரண்டுமே செத்திருந்தால் எந்தச் சுவிட்சாலும் பயனில்லை.

பழைய பெட்ரோல்: கலப்பதா, வடிப்பதா?

டேங்க் மூடியைத் திறந்ததும் மூக்குக்கே பாதி விடை தெரிந்துவிடும். நல்ல பெட்ரோல் மூக்கைச் சுள்ளென்று குத்தும். கெட்டுப்போனது வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி கனமாக, புளித்து அடிக்கும். ஒரு கண்ணாடிக் குடுவையில் எடுத்து வெளிச்சத்தில் வைத்தால் தேநீர் நிறம். எளிதில் ஆவியாகும் பகுதிகள் போய்விட்டன, மிச்சம் பிசினாக மாறிக்கொண்டிருக்கிறது. இது நடக்கச் சில மாதங்களே போதும், வருடங்கள் வேண்டாம்.

கலப்பவர்கள் சொல்லும் காரணத்தை நான் மதிக்கிறேன். பெரிய வண்டியின் டேங்க் 150 முதல் 300 லிட்டர் வரை பிடிக்கும். அவ்வளவையும் வெளியே எடுத்தால் எங்கே வைப்பது, எப்படி அப்புறப்படுத்துவது? அதனால் மேலே புதியதை ஊற்றி ஓட்டியே தீர்த்துவிடலாம் என்கிறார்கள். வண்டி ஒரு வருடத்துக்குள் நின்றது, வாடை இன்னும் நன்றாகவே இருக்கிறது, டேங்கில் கால்வாசிதான் இருக்கிறது என்றால் நானும் அதையே செய்வேன்.

ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோல் வருடக்கணக்கில் நின்றிருந்தால் கதை வேறு. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் சுமார் அரை சதவீதம் வரை தண்ணீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும், அதைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். 200 லிட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும். பம்ப் உறிஞ்சும் குழாயும் அதே அடியில்தான் இருக்கிறது. மேலே எவ்வளவு புதிய பெட்ரோல் ஊற்றினாலும் என்ஜினுக்கு முதலில் போவது அந்தத் தண்ணீர்க் கலவைதான். எத்தனால் பிரிந்துபோனதால் மேலே நிற்கும் பெட்ரோலின் ஆக்டேனும், அதாவது என்ஜினில் தட்டாமல் எரியும் திறனும், குறைந்திருக்கும். இதற்கு மருந்து என்று ஸ்டெபிலைசர் ஊற்றுபவர்கள் உண்டு. அது புதிய பெட்ரோல் கெடாமல் காக்க வந்த பொருள், கெட்டுப்போனதை அது திருப்பிக் கொண்டுவராது. வடிப்பதுதான் வழி.

கேன் வைத்துப் பார்ப்பது

இரண்டு கட்சிக்கும் நடுவில் எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. டேங்கை அப்படியே விட்டுவிடுங்கள். பம்புக்குள் நுழையும் ஹோஸைக் கழற்றி, அதற்குப் பதிலாக ஐந்து லிட்டர் கேனிலிருந்து புது ஹோஸும் உள்ளே தெரியும் ஃபில்டரும் போட்டு இணையுங்கள். என்ஜின் சுத்தமான பெட்ரோலைக் குடிக்கிறது, டேங்க் அழுக்கு டேங்கிலேயே நிற்கிறது. என்ஜின் நன்றாக ஓடினால் கோளாறு பின்னால் டேங்க் பக்கம், ஓடாவிட்டால் கோளாறு முன்னால் என்ஜின் பக்கம். பாதி வண்டியைத் தேடலிலிருந்து ஒரே சோதனையில் கழித்துவிடலாம். எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளி, கேன் கவிழாமல் கட்டி, திறந்த வெளியில், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள். மூடிய கொட்டகையில் என்ஜினை ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

கார்புரேட்டர் வண்டிக்கு இது சுலபம், அதற்கு 4 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தமே போதும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பீய்ச்சும் தனி இன்ஜெக்டர் உள்ள வண்டியில் 35 முதல் 60 பிஎஸ்ஐ வேண்டும், பம்பும் பெரும்பாலும் டேங்குக்குள்ளேயே இருக்கும். அங்கே கேனை விட்டுவிட்டு பிரஷர் கேஜை மாட்டுங்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலால்தான் குளிர்கிறது. வெறும் டேங்கில் அதை ஓட விட்டுப் பார்ப்பவர்கள் நல்ல பம்பையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கார்புரேட்டர்: மருந்தா, கழற்றுவதா, புதிதா?

ஸ்ப்ரே அடிப்பதும் பெட்ரோலில் கிளீனர் கலப்பதும் லேசான பிசுக்குக்கு உதவும். வருடக்கணக்கில் காய்ந்ததற்கு உதவாது. ஃப்ளோட் இருக்கும் கிண்ணத்தை ஒருமுறை திறந்து பார்த்தவர்கள் இதைச் சொல்லாமலே ஒப்புக்கொள்வார்கள். பச்சையும் பழுப்புமாக மெழுகு போல ஒரு படலம். நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிரும். பெட்ரோலை அளந்து விடும் சின்ன ஓட்டையுள்ள ஜெட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வட்டமாகத் தெரிய வேண்டிய ஓட்டை பிறை போலத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது.

அதனால் கழற்றிச் சுத்தம் செய்வதே என் தேர்வு. ரப்பர், டயாஃப்ரம் என்ற வளையும் தகடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உலோகத்தை மட்டும் கரைப்பானில் ஊற வையுங்கள். ஜெட்டுக்குள் இரும்புக் கம்பி விடாதீர்கள், பித்தளை ஓட்டை பெரிதாகிவிடும். காற்றடித்தால் போதும். கேஸ்கட், ஃப்ளோட் நீடில், ஆக்சிலேட்டர் பம்ப் டயாஃப்ரம் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். மலிவான நகல் கார்புரேட்டர் வாங்கி மாட்டுவது வேகமாகத் தெரியும். அதன் ஜெட் அளவு உங்கள் என்ஜினுக்குப் பொருந்தாவிட்டால், பழைய கோளாறு போய்ப் புதுக் கோளாறு வந்து உட்கார்ந்துகொள்ளும். பழையதன் உடல் வளைந்தோ விரிசல் விட்டோ இருந்தால்தான் நான் புதிதைத் தேடுவேன்.

ரப்பர் ஹோஸ்களில் இப்படித் தேர்வு செய்ய ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் மாற்றுங்கள். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் விரிசல் விட்ட ஹோஸ் ஒரு சொட்டும் ஒழுகாது. அது உறிஞ்சும் பக்கம், அதனால் காற்றை உள்ளே இழுக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாததால் மெக்கானிக்கும் ஏமாந்துபோகும் இடம் இது. இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அந்த அழுத்தம் தாங்கும் ரகம்தானா என்று ஹோஸின் மேல் அச்சிட்டதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மேட்டில் நிற்கிறது: பெட்ரோலா, கரண்டா?

எல்லாம் முடிந்து வண்டி ஓடுகிறது. இருபது நிமிடம் கழித்து ஒரு மேட்டில் நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போலப் பிடிக்கிறது. நின்று எழுந்த வண்டிகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. இங்கேதான் தேவையில்லாமல் நல்ல பாகங்களை மாற்றிக்கொண்டே போவார்கள்.

எப்படி நின்றது என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். பெட்ரோல் குறைந்தால் என்ஜின் சாகும் முன் திணறும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க மூச்சு வாங்கும், காலை எடுத்தால் கொஞ்சம் தெளியும், ஐடிலிங்கில் நன்றாகவே ஓடும். டேங்கின் துரு உறிஞ்சும் வலையில் ஒட்டிக்கொள்கிறது, என்ஜின் நின்றதும் உதிர்ந்து கீழே விழுகிறது, அதனால் மறுபடி ஓடுகிறது. கரண்ட் போனால் அப்படி இல்லை. சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி பட்டென்று நிற்கும். பிளக்குக்குப் பொறி தரும் காயிலோ இக்னிஷன் மாட்யூலோ சூட்டில் கைவிட்டு, ஆறியதும் திரும்பி வரும்.

நின்ற இடத்திலேயே செல்ஃப் அடித்துவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக, பெட்ரோல் வாடையோடு வந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட் இல்லை. காய்ந்து வந்தால் பெட்ரோல் வரவில்லை. ஆறிய பிறகு சோதித்தால் இரண்டும் சரியாகவே காட்டும், பலன் இல்லை.

மூன்றாவதாக ஒரு குற்றவாளியும் உண்டு. பழைய மோட்டார்ஹோம்களில் என்ஜின் இரண்டு முன் இருக்கைகளுக்கு நடுவே மூடிக்குள் அடைபட்டு இருக்கும். அந்தச் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டதும் ஓடினால் அதுதான் காரணம், குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து விலக்க வேண்டும். டேங்க் மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே போய், உடனே வண்டி பிடித்தால் டேங்குக்குள் காற்று விடும் குழாய் அடைத்திருக்கிறது, பூச்சி கூடு கட்டியிருக்கலாம். இதை முதலில் பாருங்கள், அரை நிமிட வேலை.

துரு என்று உறுதியானால் டேங்க் விஷயத்தில் அரைகுறை வேண்டாம். ஃபில்டரை மாற்றி மாற்றி ஓட்டுவது துரு லேசாக இருந்தால் மட்டும் தாங்கும். டேங்கை இறக்குவது கடினமான வேலைதான், ஆனாலும் உள்ளே செதில் செதிலாகத் துரு தெரிந்தால் இறக்கிக் கழுவுங்கள், ஓட்டை விழுந்திருந்தால் மாற்றுங்கள். இன்னொன்று, ஜெனரேட்டரும் பெரும்பாலும் இதே டேங்கில்தான் குடிக்கிறது. அதன் குழாய் வேண்டுமென்றே உயரமாக வைக்கப்பட்டிருக்கும். கால் டேங்குக்குக் கீழே ஜெனரேட்டர் மட்டும் நின்றால் அதைக் கோளாறு என்று தேடாதீர்கள்.

டீசல் வண்டி

டீசல் பெட்ரோலைவிட மெதுவாகக் கெடும் என்பதால் இங்கே வடிக்காமல் ஓட்டுவதற்குக் கொஞ்சம் இடம் உண்டு. ஆனால் அடியில் தண்ணீர் சேர்ந்தால், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புச் சளி போலப் படரும். கிருமிக்கொல்லி ஊற்றினால் அவை சாகும், செத்தது அத்தனையும் ஃபில்டரில் வந்து அடைக்கும். மருந்தை மட்டும் நம்பி நெடுந்தூரம் கிளம்பாதீர்கள். முதலில் தண்ணீரை வடித்து, கையில் இரண்டு மூன்று ஃபில்டர் வைத்துக்கொள்ளுங்கள். 1,000 பார் (அழுத்த அளவு) தாண்டிய அழுத்தத்தில் வேலை செய்யும் புதிய ரக இன்ஜெக்டர்களுக்குத் தண்ணீர் நேரடி எதிரி. அந்த வண்டிகளில் டேங்கைச் சுத்தம் செய்யாமல் செல்ஃப் அடிக்கவே மாட்டேன்.

நீங்களா, ஒர்க்‌ஷாப்பா?

ஹோஸ், ஃபில்டர், பிளக், கார்புரேட்டர் வரை பொறுமை உள்ள யாரும் செய்யலாம். டேங்கை இறக்குவது, இன்ஜெக்‌ஷன் பம்ப், கம்ப்ரஷன் குறைந்த என்ஜின் ஆகியவற்றுக்கு ஆள் வேண்டும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், பார்க்கும்போது மிகக் குறைந்த சிலிண்டர் மிக அதிகமானதில் 75 சதவீதமாவது காட்ட வேண்டும். பல டன் எடையுள்ள வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு நீங்களே ஓட்டிப் போவதா, ஏற்றிப் போவதா என்று கேட்டால், பிரேக்கையும் டயரையும் பார்க்காதவரை ஏற்றித்தான் போக வேண்டும். டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் வரிகள்) தேயாமல் நிறைய இருந்தாலும் டயருக்கு வயதாகும். பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு அது தயாரான வாரம், கடைசி இரண்டு வருடம்.

முதல் ஓட்டத்தை ஐம்பது கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து என்ஜின் ஆறியதும் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருப்பதை வெள்ளைத் துணியில் கவிழ்த்துப் பாருங்கள். துணியில் ஈரம் மட்டும் என்றால் அடுத்த முறை நூறு கிலோமீட்டர் போகலாம். செம்மண் நிறத்தில் பொடி விழுந்தால் டேங்கை இறக்கும் வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது.