காசு கொடுத்தது புரோவுக்கு, ஃபோர்மட் செய்தால் வருவது ஹோம்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸா பக்கம் போய்ப் புது எஸ்எஸ்டி (சேமிப்பு டிரைவ்) வாங்கி வந்த நண்பர் ஒருவர் கேட்டார்: "விண்டோஸைத் திரும்பப் போட்டால் அக்டிவேஷன் போய்விடுமா? பழைய கீ எங்கே இருக்கிறதென்றே தெரியாதே?" போகாது. விண்டோஸின் உரிமை எண்ணான அந்தக் கீயையும் தேட வேண்டாம். இத்தோடு பதில் முடிந்திருந்தால் இதை எழுதவே தேவையில்லை. சாதாரண ஹோம் எடிஷனிலிருந்து, கூடுதல் வசதியுள்ள புரோ எடிஷனுக்குக் காசு கொடுத்து ஏறியவர்களுக்குத்தான் சிக்கல்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்பனையாகும் பிராண்ட் லப்டொப்களில் கீ பயோஸுக்குள்ளேயே (மதர்போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருள்) பதிந்து வருகிறது. ஸ்டிக்கர் கிழிந்தது, எண் அழிந்தது என்ற பழைய தொல்லை இல்லை. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது டிஜிட்டல் லைசென்ஸும் சேர்ந்து வந்தது. மதர்போர்டை முக்கிய அடையாளமாக வைத்து, இந்த மெஷினுக்கு இந்த எடிஷன் உரிமை உண்டு என்று மைக்ரோசொஃப்ட்டின் சேவர் நினைவு வைத்துக்கொள்கிறது. எஸ்எஸ்டியை மாற்றலாம், ரேம் கூட்டலாம், பிரச்சினை இல்லை. இன்ஸ்டோல் நடுவே கீ கேட்டால் 'என்னிடம் கீ இல்லை' என்பதை அழுத்திவிட்டுப் போய், நெட் கொடுத்தால் ஓரிரு நிமிடத்தில் தானாகவே அக்டிவேட் ஆகிவிடும். பல வருடமாக இந்தப் பகுதி ஒழுங்காகவே வேலை செய்கிறது.

மதர்போர்ட் மாறினால் மட்டும் கதை வேறு. தனியாக வாங்கிய ரீடெயில் லைசென்ஸ் என்றால், மாற்றுவதற்கு முன்பே மைக்ரோசொஃப்ட் அக்கவுண்டோடு இணைத்து வையுங்கள். பிறகு அக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபிள்ஷூட் அழுத்தி, 'அண்மையில் ஹார்ட்வெயார் மாற்றினேன்' என்பதைத் தெரிவுசெய்து மீட்கலாம். லப்டொப்போடு வந்த ஓஇஎம் (தயாரிப்பாளர் போட்டுத் தரும்) லைசென்ஸ் பழைய போர்டோடு கட்டுப்பட்டது, புதியதற்கு வராது.

இனி என் ஆத்திரத்துக்கு வருவோம். ஹோமோடு வந்த லப்டொப்பில் மைக்ரோசொஃப்ட் ஸ்டோர் வழியாக 99 டொலர் கொடுத்துப் புரோவுக்கு ஏறியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். தூரத்திலிருந்து மெஷினை இயக்கும் ரிமோட் டெஸ்க்டொப்புக்கோ, டிரைவைப் பூட்டும் முழு பிட்லொக்கருக்கோ அது தேவைப்பட்டிருக்கும். விண்டோஸைத் துடைத்துப் புதிதாகப் போடும்போது இன்ஸ்டோலர் பயோஸைப் பார்க்கும். அங்கே இருப்பது தொழிற்சாலையில் பதித்த ஹோம் கீ. உடனே எடிஷன் பட்டியலைக் காட்டாமல், ஒரு வார்த்தை கேட்காமல், ஹோமைப் போட்டுவிடும். அந்த ஹோம் உடனே அக்டிவேட்டும் ஆகிவிடும். ஆகாமல் பிழை காட்டினாலாவது ட்ரபிள்ஷூட் பொத்தான் வரும், அது புரோ லைசென்ஸைக் கண்டுபிடித்துத் தரும். எல்லாம் சரி என்று பச்சை டிக் காட்டுவதால் அந்தப் பொத்தானே இராது. உங்கள் புரோ சேவரில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதைக் கேட்க வழியைத்தான் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

இதைச் சரிசெய்ய, முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வைஃபையை அணைத்தால் போதும், கேபிள் இருந்தால் கழற்றுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அக்டிவேஷன் போய் 'சேஞ்ச் புரொடக்ட் கீ'யில் புரோவுக்கான பொதுக் கீயை (எல்லோருக்கும் ஒரே கீ) கொடுங்கள். 3வி66டி (3V66T) என்று முடிவது அதுதான். ஹோமின் பொதுக் கீ 8எச்விஎக்ஸ்7 (8HVX7) என்று முடியும், குழப்பிக்கொள்ள வேண்டாம். பொதுக் கீ எதையும் அக்டிவேட் செய்யாது, எடிஷனை மட்டும் மாற்றும். அதனால் இதில் திருட்டு எதுவும் இல்லை. மெஷின் ரீஸ்டார்ட் ஆகிப் புரோவாக எழுந்த பிறகு நெட்டைக் கொடுங்கள், சேவரில் உள்ள உரிமை ஒட்டிக்கொள்ளும். நெட் இருக்கும்போதே கீயைக் கொடுத்தால், அக்டிவேட் செய்ய முடியாது என்று எடிஷன் மாற்றத்தையே நிறுத்திவிடுவதுண்டு. பலர் விழும் இடம் இதுதான்.

தொடக்கத்திலேயே தடுக்கவும் வழி உண்டு. விண்டோஸ் இன்ஸ்டோல் செய்யும் பென்ட்ரைவின் சோர்சஸ் (sources) ஃபோல்டரில் இஐ.சிஎஃப்ஜி (ei.cfg) என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு வையுங்கள். சதுர அடைப்புக்குள் சேனல் ([Channel]), கீழ் வரியில் ரீடெயில் (Retail), அடுத்து சதுர அடைப்புக்குள் விஎல் ([VL]), கீழே 0. எல்லாம் ஆங்கில எழுத்தில். நோட்பேட் பெயரின் கடைசியில் டிஎக்ஸ்டியை (.txt) ஒட்டிவிடும், சேமிக்கும்போது 'ஓல் ஃபைல்ஸ்' தெரிவுசெய்யாவிட்டால் கோப்பு இருந்தும் பயனில்லை. சரியாக வைத்தால் எடிஷன் பட்டியல் திரையில் வரும், புரோவைத் தொடலாம்.

அந்தப் பட்டியலிலும் ஒரு பொறி. நம் பக்கம் விற்கும் பல லப்டொப்களில் இருப்பது வெறும் ஹோம் அல்ல, ஒரே மொழிக்கான ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். இரண்டும் பட்டியலில் கிட்டக்கிட்ட நிற்கும். புரோ வாங்காதவர் வெறும் ஹோமைத் தொட்டால் பயோஸ் கீ அதற்குப் பொருந்தாது, அக்டிவேட் ஆகாது.

ஆகவே துடைப்பதற்கு முன் எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையோடு டிஎல்ஐ சேர்த்து (slmgr /dli) ஓட்டி, வரும் பெட்டியைப் போனில் படமெடுத்து வையுங்கள். எடிஷன், சேனல் (லைசென்ஸின் வகை), கீயின் கடைசி ஐந்து எழுத்து எல்லாம் அதில் இருக்கும். சேனல் ஓஇஎம் டிஎம் (OEM_DM) என்றால் பயோஸ் கீ. வொல்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் (VOLUME_KMSCLIENT, நிறுவனங்கள் மொத்தமாக எடுக்கும் வகை) என்று இருந்து, மெஷின் கந்தோருடையது அல்ல என்றால், யாரோ கிராக் போட்டுத் தந்திருக்கிறார்கள். கேஎம்எஸ் அக்டிவேஷன் 180 நாளுக்குத்தான், இடையில் புதுப்பிக்காவிட்டால் விழுந்துவிடும். அதைப் போட்டவர் காசும் வாங்கியிருப்பார், விண்டோஸோடு வாங்கிய மெஷின் என்றால் பயோஸில் நல்ல கீ சும்மா கிடந்திருக்கும். சுத்தமாகத் திரும்பப் போட்டால் அந்த அசல் கீ தானாகவே வேலைக்கு வரும். பிட்லொக்கர் ஓடினால் 48 இலக்க மீட்புக் கீயையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சேவரோடு பேசவில்லை என்றால் திகதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டொப்பில் மதர்போர்டில் நேரத்தைக் காக்கும் சிஆர்2032 பட்டரி செத்திருந்தால் வருடமே பின்னுக்குப் போயிருக்கும், பாதுகாப்புச் சான்றிதழ்கள் ஒத்துக்கொள்ளாது. நேர வலயப் பட்டியலில் கொழும்பைத் தேடாதீர்கள், அங்கே நாம் ஸ்ரீ ஜெயவர்த்தனபுர. புதிதாகப் போட்டதும் வைஃபை டிரைவர் இல்லாமல் நின்றால் போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் (போனின் நெட்டைப் பகிர்வது) போடுங்கள். அக்டிவேஷனுக்குத் தேவைப்படும் டேட்டா மிகக் கொஞ்சம். ஆனால் நெட் கிடைத்ததும் அப்டேட் பாயும், இணைப்பை மீட்டர்ட் (அளவுக்குட்பட்டது) என்று குறிக்காவிட்டால் பெக்கேஜ் காலி.

தீர்ப்பு கேட்டால், அக்டிவேஷனுக்குக் குறையில்லாத மதிப்பெண், அப்படியும் அடுத்த லப்டொப்பில் புரோவுக்கு ஒரு சதம் கொடுக்க மாட்டேன். ஏற்கனவே கொடுத்துவிட்டவர்கள் அந்த இஐ.சிஎஃப்ஜி கோப்பின் பிரதியொன்றை மெயிலிலும் வைத்திருங்கள். புதிய பதிப்புக்காக, இன்ஸ்டோல் பென்ட்ரைவைத் தயாரிக்கும் மைக்ரோசொஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை ஓட்டினால் அது பென்ட்ரைவை முழுதாக அழித்துத்தான் எழுதும், கோப்பும் அதோடு போய்விடும்.