ஸ்கூல் வேனுக்கு வருஷக் காசை மொத்தமாகக் கொடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

கிழக்குத் தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் வட்டாரத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மே மாதம் பிறந்துவிட்டால் அப்பார்ட்மென்ட் வாசலில் வேன்காரர்கள் விசிட்டிங் கார்டோடு வந்து நிற்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்படி வந்த ஒருவர் எங்கள் தெருவில் பல வீடுகளில் வருஷத்துக்கான காசை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, காலாண்டு லீவோடு போனை அணைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது வேறு ஏரியாவில் பிள்ளை பிடித்துக்கொண்டிருக்கிறாராம். வேன்காரர்கள் புதுசாக ஆள் சேர்ப்பதை அப்படித்தான் சொல்வார்கள், இவர் விஷயத்தில் அது ரொம்பவே பொருத்தம்.

அவர் பெயரையும் வண்டி எண்ணையும் இங்கே போடவில்லை. போலீஸில் மனு கொடுத்திருக்கிறோம், அது ஒரு பக்கம் நடக்கட்டும். ஆள் யார் என்பதைவிட எப்படிச் செய்தார் என்பது தெரிந்தால்தான் அடுத்தவருக்கு உபயோகம்.

வந்தவர் அவ்வளவு பதவிசு. அயர்ன் செய்த சட்டை, நெற்றியில் விபூதி, வாய் நிறைய "மேடம்". எங்களிடம் பேசியதைவிட வீட்டுப் பெரியவர்களிடம்தான் அதிகம் பேசினார். "என் பொண்ணும் ரெண்டாவதுதாம்மா படிக்குது, நம்ம கொழந்தைங்க மாதிரி பாத்துப்பேன்" என்று ஒரு பாட்டியிடம் சொல்லி, அவரைக் கைபிடித்து ஏற்றி வண்டியில் உட்காரவே வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் கொண்டுவந்து காட்டியது டிராவலர் வண்டி. மஞ்சள் போர்டு, ஏசி, முன்னால் ஒரு கேமரா. மாசம் 2,000, ஜூன் முதல் ஏப்ரல் வரை 11 மாசம். மொத்தமாகக் கட்டினால் ரெண்டு மாசம் தள்ளுபடி, 18,000 கொடுத்தால் போதும். ஏன் இவ்வளவு குறைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "வண்டிக்கு டியூ இருக்கு மேடம், மொத்தமா கெடச்சா அத அடச்சிடுவேன்" என்றார். நம்பும்படியாகத்தான் இருந்தது. ஜிபேயில் போட்டால் ஒரு பெண் பெயர் வந்தது. வீட்டுக்காரம்மா நம்பராம். ரசீது கேட்டவர்களுக்கு ஒரு கோடு போட்ட நோட்டில் பிள்ளை பெயர், வகுப்பு, தொகை எழுதிக் காட்டினார். நோட்டு அவரிடமே இருந்தது.

ஜூனில் பள்ளி திறந்த அன்று வந்தது ஒரு பழைய ஆம்னி வேன். வெள்ளை போர்டு. "பெரிய வண்டி எஃப்சிக்குப் போயிருக்கு, ஒரு வாரம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை.

அந்த ஆம்னியின் உள்ளே எப்படி இருந்தது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு மரப்பலகையை வைத்து, அதன்மேல் ரெக்சின் துணி அடித்து இன்னொரு சீட் பண்ணியிருந்தார்கள். அதில் நாலு சின்னப் பிள்ளைகள் பின்பக்கம் பார்த்தபடி உட்காரவேண்டும். எதிர் சீட்டில் இருக்கும் பெரிய பிள்ளைகளின் முட்டி அவர்கள் முட்டியில் இடிக்கும். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. புத்தகப் பை எல்லாம் பின் கதவில் கயிறு கட்டித் தொங்கும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருக்களில் வண்டி ஏறி இறங்கும்போது கடைசியில் இருக்கும் பை கதவில் மோதுகிற சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்கும். பின் சீட்டுக்கு அடியில் சிவப்பு சிலிண்டர் படுத்திருக்கிறது என்று என் மகன்தான் ஒருநாள் சொன்னான். வீட்டு அடுப்புக்கு வருகிற அதே சிலிண்டர். அதிலிருந்து குழாய் போட்டு வண்டி ஓட்டுகிறார்கள். மாருதி ஆம்னியைத் தயாரிப்பதை 2019-இலேயே நிறுத்திவிட்டார்கள், ரோட்டில் ஓடுவது எல்லாம் அதற்கு முந்தைய வண்டிகள். அதற்குள் சமையல் சிலிண்டர், சிலிண்டருக்கு மேலே பிள்ளைகள்.

கேட்டதற்கு அவர் முகம் மாறவே இல்லை. "எல்லா ஏரியாவுலயும் இப்டித்தான் மேடம் ஓடுது. புடிக்கலன்னா வேற பாத்துக்கோங்க, காச அப்புறமா செட்டில் பண்றேன்" என்றார். 18,000 ரூபாய் கைமாறிய பிறகு "வேற பாத்துக்கோங்க" என்பதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் புரிந்தது. அவருக்கும் அது தெரிந்திருந்தது. முன்பணம் வாங்குவதில் இருக்கிற சூட்சுமமே இதுதான். மாசாமாசம் என்றால் அவர் நமக்குப் பதில் சொல்லவேண்டும். மொத்தமாகக் கொடுத்துவிட்டால் நாம் அவரிடம் தணிந்து போகவேண்டும்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. கேம்ப் ரோடு சந்திப்புப் பக்கம் ஆர்.டி.ஓ. செக்கிங் நடப்பதாக அவருக்குப் போன் வந்திருக்கிறது. அன்று வண்டி ஓட்டியது அவர் இல்லை, யாரோ ஒரு பையன். அவன் ஒரு பக்கத்துத் தெருவில் டீக்கடை முன்னால் பிள்ளைகளை இறக்கிவிட்டு, "இங்கயே நில்லுங்க, அண்ணன் வருவாரு" என்று சொல்லிவிட்டு வண்டியோடு போய்விட்டான். வேளச்சேரி சாலையின் சாயங்கால டிராஃபிக் எப்படி என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எல்.கே.ஜி. படிக்கிற குழந்தையும் அதில் இருந்தது. எங்கள் தெருப் பாட்டி ஒருவர் காய்கறி வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தவர், யூனிஃபார்மைப் பார்த்து அடையாளம் கண்டுபிடித்து, பிள்ளைகளைக் கடைக்குள் உட்காரவைத்துவிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். டீக்கடைக்காரர் எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்திருக்கிறார், காசு வாங்கவில்லை.

அன்று ராத்திரிதான் இன்சூரன்ஸ் வேலை பார்க்கும் ஒரு அப்பா, வண்டி எண்ணை எம்பரிவாஹன் செயலியில் போட்டுப் பார்த்தார். நம் போனிலேயே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சொந்த உபயோகத்துக்கான கார் என்றுதான் பதிவு. 15 வருஷப் பதிவுக் காலம் முடிந்து, புதுப்பிக்கவே இல்லை. இன்சூரன்ஸும் காலாவதி. மே மாதம் காட்டின டிராவலர் எண்ணைப் போட்டால், அதன் சொந்தக்காரர் பெயர் வேறு. ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வந்து காட்டியிருக்கவேண்டும் என்பது எங்கள் யூகம்.

வெள்ளை போர்டு என்றால் என்ன பெரிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு: வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து சொந்த வண்டி, மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து வாடகை வண்டி. மஞ்சள் போர்டு வண்டி முதல் எட்டு வருஷத்துக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அதன் பிறகு வருஷா வருஷமும் தகுதிச் சான்று வாங்கவேண்டும், அதுதான் எஃப்சி. சொந்த வண்டிக்கு அது 15 வருஷம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான். அதாவது எஃப்சிக்குப் போயிருக்கு என்று சொல்லிவிட்டு அவர் அனுப்பிய வண்டி, எஃப்சி பக்கமே எட்டிப்பார்க்காத வண்டி. பெர்மிட் இல்லாமல் ஆள் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவில் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஜெயிலும் உண்டு. அதனால்தான் செக்கிங் என்றதும் அந்த ஓட்டம். அதைவிட முக்கியம், சொந்தக் கார் பாலிசியில் வாடகைக்கு ஓட்டக்கூடாது என்று எழுதியே இருக்கும். நாளைக்கு ஒன்று ஆனால் கம்பெனி கைவிரிக்க அந்த ஒரு வரி போதும்.

தாம்பரத்துக்காரர்களுக்கு இது புதுப் பாடம் இல்லை. 2012 ஜூலையில் முடிச்சூர் பக்கம், ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு பெண் குழந்தை இறந்தாள். ரெண்டாம் வகுப்பு. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதையொட்டித் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. மஞ்சள் நிறம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, கூட ஒரு உதவியாளர். ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கும் முன் வண்டிகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் ஏறி இறங்கிப் பார்ப்பதைப் பேப்பரில் படம் போடுவார்கள். அந்த வரிசையில் நிற்பது பள்ளி நடத்தும் வண்டிகள்தான். நம் பிள்ளைகள் போகிற ஆம்னி அந்த மைதானத்துப் பக்கமே போகாது.

சரி, மறுநாளே நிறுத்தவேண்டியதுதானே என்று கேட்கலாம். சில வீடுகளில் நிறுத்தினார்கள். மற்றவர்கள் நிலைமை வேறு. ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு, பள்ளி பஸ் மெயின் ரோட்டைத் தாண்டி உள்ளே வராது, எட்டரை மணிக்கு மாநகரப் பேருந்தில் ஆறு வயதுப் பிள்ளையை ஏற்ற முடியாது. அவரும் வந்து மன்னிப்புக் கேட்டார். பையனை வேலையை விட்டு எடுத்துவிட்டேன், இனி நானே ஓட்டுகிறேன் என்றார். கொஞ்ச நாள் ஓட்டவும் செய்தார்.

ஆயுத பூஜைக்கு முன்னால் வீட்டுக்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார், வண்டிக்குப் பூஜை போடவும் பிள்ளைகளுக்குப் பொரி வாங்கவும். காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று வேன் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். பொரியும் வரவில்லை.

ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது, புது நம்பரிலிருந்து. உடம்பு சரியில்லை, வண்டியை ஃபைனான்ஸ்காரன் தூக்கிவிட்டான், பாக்கியை அடுத்த ஜூனில் அட்ஜஸ்ட் செய்துகொள்ளலாம் என்று. கணக்குப் பார்த்தால் நாலு மாசத்துக்கு மாசா மாசம் கொடுத்திருந்தால் 8,000 ஆகியிருக்கும். 10,000 போச்சு. ரெண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் 20,000.

பள்ளியில் கேட்டால் அட்மிஷன் சமயத்தில் நாங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு தாளை எடுத்துக் காட்டினார்கள். தனியார் வேன் ஏற்பாட்டுக்குப் பள்ளி பொறுப்பல்ல. போலீஸ் ஸ்டேஷனில் முதலில் "கொடுக்கல் வாங்கல் விஷயம்" என்று தட்டிக்கழித்தார்கள். தனித்தனியாகப் போனால் அப்படித்தான் ஆகும். எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதி, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாய்ஸ் மெசேஜ், விசிட்டிங் கார்டு எல்லாம் இணைத்துக் கொடுத்தபோது, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். அந்தச் சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள். நுகர்வோர் ஆணையத்தையும் மறக்கவேண்டாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. 1915-க்கு அழைத்தால் எப்படிப் பதிவு செய்வது என்று வழி சொல்கிறார்கள்.

உங்களிடம் வேன்காரர் வந்தால் அவர் சிரிப்பையும் விபூதியையும் விடுங்கள், வண்டி எண்ணை வாங்குங்கள். காட்டுகிற வண்டியின் எண் போதாது, தினமும் வரப்போகிற வண்டியின் எண். அவர் நிற்கும்போதே செயலியில் போட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ், எஃப்சி, பதிவு மூன்றும் தேதிக்குள் இருக்கிறதா, சொந்தக்காரர் பெயரும் இவர் சொல்கிற பெயரும் ஒத்துப்போகிறதா. செயலியில் பெயர் முழுசாக வராது, நடுவில் நட்சத்திரக் குறியாக இருக்கும், ஆனாலும் முதல் எழுத்துகளை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அப்புறம் ஒரு காலை வேளையில் சொல்லாமல் கொள்ளாமல் பள்ளி வாசலில் போய் நின்று, எத்தனை பிள்ளைகள் இறங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். எங்கள் ஆம்னியில் அப்படி எண்ணியவர் பதினாறோடு நிறுத்திவிட்டார், இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்களாம்.

இப்போது நாங்கள் வேறு வண்டி பார்த்திருக்கிறோம். எஃப்சி காப்பி அனுப்புங்கள் என்றதும் ரெண்டு பேர் "பாத்து அனுப்புறேன் சார்" என்று போனவர்கள்தான். மூன்றாவதாக வந்தவர் கொஞ்சம் முறைத்தார், ஆனால் சாயங்காலமே எல்லாக் காகிதத்தையும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டார். மாசம் 2,600, பழைய ஆளைவிடக் கூடத்தான். மாசக் கடைசியில் தருகிறோம் என்றோம், அவர் முதல் தேதி என்றார், பத்தாம் தேதியில் முடிந்தது.